ஹோட்டல் மூடியிருந்த மாதம்

மகள் தான் விரும்பும் பெடியனைப் பற்றி முதன்முதலில் எங்களிடம் சொன்னபோது, அவன் இத்தாலியன் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்கவில்லை. சிட்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளை யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் முகம் சுளிக்கக்கூடாது என்று நானும் கணவரும் எப்போதோ பேசி வைத்திருந்தோம். அவன் படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்தவன். சுரங்கப் பாதைகள் கட்டும் கம்பனி ஒன்றில் எஞ்சினியர். எங்கள் செவன் ஹில்ஸ் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்றே கணவாய்க் கறியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கணவருக்கு அதற்குப் பிறகு கேள்வி எதுவும் இருக்கவில்லை.

என்னை யோசிக்க வைத்தது அவன் போனபின் மகள் சொன்ன சின்ன விஷயம்தான்.

"அவற்ற ஃபமிலிக்கு ஒரு ஹோட்டல் இருக்கம்மா. கடலுக்குப் பக்கத்தில, மலையில. சரியான ஃபேமஸ்."

"ஹோட்டலோ? சாப்பாட்டுக் கடையோ?"

"இல்லையம்மா. லக்ஷரி ஹோட்டல். நடிகர்மார் எல்லாம் வந்து நிக்கிற இடம். நாலு தலைமுறையா இவையள்தான் நடத்தீனம்."

"பேந்து? இவர் திரும்பிப் போகோணுமோ?"

அவள் தோளைக் குலுக்கினாள். "மேபீ. கொஞ்ச வருஷத்துக்கு. இன்னும் டிசைட் பண்ணேல்ல."

அடுத்த நாள் வேலையில், மதிய இடைவேளையின்போது, அந்த ஹோட்டலின் இணையத்தளத்தைத் தேடிப் பார்த்தேன். நான் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சாப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்தது என்னவோ போலிருந்தது. மஞ்சள் பூசிய கட்டடம் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கிக் கடலைத் தொட்டது. எலுமிச்சைத் தோட்டம், நீலக் கோடு போட்ட குடைகள், வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள். கடைசிப் பக்கத்தில் குடும்பப் படம். வாசற்படியில் எல்லோரும் நின்றார்கள். தகப்பன் நடுவில், தாய் பக்கத்தில், மூத்த மகள் ஒரு படி கீழே. எங்கள் பெடியன் பத்து வருடம் இளையவனாக ஓரத்தில் நின்று சிரித்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கக்கூடிய அளவுக்கு இடம் இருந்தது. என் கண் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் பிசியோதெரபி படித்தவள். பாரிசவாதம் வந்து விழுந்தவர்களை எழுப்பி நடக்கப் பழக்குவது அவளுடைய வேலை. யாராவது ஒருவர் தானாக ஒரு அடி வைத்தால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நான் சமைக்கும் குசினி வாசலில் நின்றே அதைச் சொல்லி முடிப்பாள். அப்படிப்பட்டவள் அந்த வாசற்படியில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் நாடு விட்டு வந்தவள். தூரம் போன பிள்ளையோடு டெலிபோனில் மட்டும் உறவு வைத்திருப்பது எப்படி என்று என் தாய்க்குத் தெரியும்.

கணவர் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருக்கிறார். எதற்கும் பதறாத மனிதர். "நீர் ஏன் இப்பவே யோசிக்கிறீர்?" என்றார். "அவையே இன்னும் முடிவெடுக்கேல்லயாம்."

"முடிவெடுத்தாப் பிறகு யோசிச்சு என்னப்பா பிரயோசனம்?"

அவர் எனக்கொரு தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

கார்த்திகை மாதம் மகள் அடுத்த செய்தியைக் கொண்டு வந்தாள். அங்கே குளிர்காலத்தில் அந்தக் கரையிலுள்ள ஹோட்டல்கள் எல்லாவற்றையும் மூடிவிடுவார்களாம். அந்த நேரத்தில், ஜனவரியில், பெடியனின் தாயும் தகப்பனும் எங்களைப் பார்க்க வருகிறார்கள். மூத்த மகள் மட்டும் கட்டடத் திருத்த வேலைகளுக்காக அங்கேயே நிற்கிறாளாம்.

"எங்க தங்கப் போகினம்? பரமட்டாவில நல்ல ஹோட்டல் ஒண்டு புக் பண்ணலாம்."

"அவற்ற அம்மா ஹோட்டல் வேண்டாமாம். வீட்டிலதானாம்."

"எந்த வீட்டில?"

"இந்த வீட்டிலதான் அம்மா."

அந்த இரண்டு மாதமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்கள் ஒதுக்கு அறையில் பழைய தையல் மெஷினும், உடற்பயிற்சி செய்வதாகச் சொல்லி வாங்கிய சைக்கிளும், கணவரின் கருவிப் பெட்டிகளும் இருந்தன. எல்லாவற்றையும் கராஜுக்குக் கடத்தினோம். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தோம். ஹோட்டல்களில் கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிப்பார்கள் என்று காணொளி பார்த்துப் பழகினேன். கணவர் கதவோரத்தில் நின்று சிரித்தார். "அவைக்கு நட்சத்திரம் குடுக்கிற வேலை இல்லையப்பா. சம்பந்தம் கதைக்கத்தான் வாறினம்."

அவர்கள் வந்த நாளில் வெயில் கொளுத்தியது. தகப்பன் பெரிய உடம்புக்காரர். அந்த வெக்கையிலும் கோட் போட்டிருந்தார். தாய் சிறிய உருவம், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "உங்கள் வீடு. நன்றி, நன்றி" என்றார். தகப்பனுக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது. தாய் தடுமாறும் இடங்களில் பெடியன் மொழிபெயர்த்தான்.

மறுநாள் காலையில் அந்த அறைக்கு எட்டிப் பார்த்தேன். யாரும் படுக்காதது போலக் கட்டில் கிடந்தது. நான் பழகிய மூலை மடிப்பு எங்கே, அந்த அம்மா மடித்த மடிப்பு எங்கே. குளியலறைக் குழாய்கள் மினுங்கின. நான் குசினிக்குள் போனால் அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். யார் சாப்பிட்டு முடித்தாலும் கோப்பை அவர் கைக்குப் போயிருந்தது. தகப்பன் இன்னும் ஒரு படி மேல். காலையில் கோட்டுடன் வந்து, என்னையும் கணவரையும் பார்த்துத் தலை குனிந்து, "இரவு நன்றாக நித்திரை கொண்டீர்களா? ஏதாவது குறை இருந்ததா?" என்று கேட்டார். கணவர் ஒரு நொடி திகைத்து, "இல்லை, எல்லாம் நல்லா இருந்தது" என்று பதில் சொன்னார். எங்கள் வீட்டில் நாங்கள் விருந்தாளிகளாகிவிட்டோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசும்போது குரலே வெளியே வராது. காதோடு காது வைத்தது போலப் பேசுவார்கள். "பக்கத்தில நிக்கிற எனக்கே ஒண்டும் கேக்குதில்ல" என்றார் கணவர். "எங்களைப் பற்றித்தான் ஏதும் சொல்லீனமோ?"

"இத்தாலியனில சொன்னால் கேட்டென்ன, கேக்காட்டி என்ன?" என்றேன். ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். புட்டும், இறால் பொரியலும், பெடியனுக்காகக் கணவாய்க் கறியும் செய்திருந்தேன். பிளாக்டவுனில் வாங்கிய மாம்பழமும் இருந்தது. தகப்பன் ரசித்துச் சாப்பிட்டார். கை துடைத்துவிட்டு, ஒரு நல்ல சேதி சொல்கிறவர் போல் போனை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார்.

ஒரு பெரிய அறையின் படம். மூன்று ஜன்னல்கள், மூன்றிலும் கடல்.

"ஹோட்டலின் மேல்மாடி" என்றார். "என் தகப்பன் கலியாணம் முடித்து அங்கேதான் இருந்தார். நானும் அப்படியே. இனி இவர்கள். சித்திரையில் கதவு திறப்போம். அதற்குள் வந்துவிட்டால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்." பிறகு மகளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "எங்கள் விருந்தாளிகளுக்கு நல்ல மசாஜ் செய்ய ஆள் இல்லை என்று எவ்வளவு காலமாகக் கேட்கிறார்கள். கடவுள் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையே அனுப்பியிருக்கிறார்."

அவர் கெட்டதாக எதையும் சொல்லவில்லை. வீட்டின் மிக நல்ல அறையை என் பிள்ளைக்குக் கொடுக்கிறார். நான் படத்தை விட்டு மகளின் முகத்தைப் பார்த்தேன். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பிடிக்காத சட்டையைப் பிறந்தநாளுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பாள். பெடியன் தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா, "நோ" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். தகப்பன் திரும்பிப் பார்த்து இத்தாலியனில் ஏதோ கிசுகிசுத்தார். கண்ணால் எங்களைக் காட்டினார். அம்மா மறுபடியும் "நோ" என்றார். இந்த முறை குரல் கொஞ்சம் கூடியது. தகப்பன் சுவரைக் காட்டி, விரலை உதட்டில் வைத்தார்.

அவ்வளவுதான். அந்தச் சிறிய மனுசி எழும்பி நின்று, எங்கள் சுவரில் உள்ளங்கையால் தட்டினார். ஒன்றல்ல, இரண்டு சுவரிலும் தட்டினார். தட்டித் தட்டிச் சத்தம் போட்டார். நான் பெடியனைப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது. மொழிபெயர்க்க மறந்துவிட்டான். மகள்தான் என் காதில் சொன்னாள், அவளுக்குக் கொஞ்சம் இத்தாலியன் விளங்கும்.

"சுவருக்கு அங்கால ஆருமில்லையாம் அம்மா. இஞ்ச கெஸ்ட் ஒருத்தரும் இல்லையாம். கத்தலாமாம்."

அதற்குப் பிறகு நடந்தது ஒரு முழுச் சண்டை. தகப்பனும் எழும்பினார். அவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கைகள் காற்றில் வீசின. பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. அந்த வீட்டுப் பஞ்சாபிக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எல்லாம் ஓகேயா?" என்று கேட்டார். கணவர் யன்னலடியில் போய், "ஓகே, ஓகே, ஃபமிலி" என்று கையசைத்தார். நான் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். விலக்குவதா, வெளியே போவதா என்று தெரியவில்லை.

நடுவில் பெடியன் தாயிடம் ஏதோ கேட்டான். அவர் அவனுடைய அக்காவின் பெயரைச் சொன்னார். திரும்பவும் சொன்னார். அதோடு தகப்பனின் சத்தம் நின்றது. கதிரையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றினார். அவர் வந்ததிலிருந்து அதைக் கழற்றி நான் பார்த்தது அப்போதுதான்.

அம்மா என் பக்கம் திரும்பிப் பேசினார். பெடியன் இப்போது மெல்ல மெல்ல எங்களுக்குச் சொன்னான்.

"அக்காதான் ஹோட்டலை நடத்துறாவாம். பல வருஷமா. ஆட்களைப் பிடிக்கிறது, சமையல்காரரோட சண்டை பிடிக்கிறது, கூரை பாக்கிறது, எல்லாம் அவதான். அப்பா அதை உதவி எண்டு சொல்லுறாராம். நான் வந்தா அவ எனக்கு உதவியாளாப் போயிடுவாவாம்." மகளோடும் எங்களோடும் பழகி அவன் எங்களைப் போலவே தமிழ் பேசப் பழகியிருந்தான். ஆனால் அந்த இடத்தில் அவனுக்குத் தமிழ் போதவில்லை. இங்கிலீஷுக்கு மாறினான். "எனக்கு ஹோட்டல் நடத்தத் தெரியாது, அன்ரி. எனக்கு மண்ணைக் குடைந்து பாதை போடத்தான் தெரியும். அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை."

மகள் அவனைப் பார்த்தாள். "என்னட்டயும் சொல்லேல்லையே!"

"நீ போக விரும்புறாய் எண்டு நினைச்சன்."

"நானோ? நீங்கள் போக விரும்புறீங்கள் எண்டுதானே நான் பேசாம இருந்தனான்!"

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெடியன் தாங்கள் பேசியதைத் தாய்க்கு மொழிபெயர்த்தான். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தகப்பன் மட்டும் சிரிக்காமல் மாம்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஒரு துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டார்.

பிறகு குசினியில் நானும் அந்த அம்மாவும் நின்றோம். மகள் இடையில் நின்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் மொழிபெயர்த்தாள். அவர் மலைக்கு அப்பால் உள்ள ஓர் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவராம். கலியாணம் முடித்த வாரமே வரவேற்பு மேசையில் நின்றாராம்.

"ஹோட்டல் எனக்குப் பிடிக்கும்" என்றார். "அது துக்கக் கதை இல்லை. ஆனால் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் மகளிடமாவது கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். அங்கே எப்படிப் பேசுவது? எந்த அறையில் நின்று பேசினாலும் பக்கத்து அறையில் யாரோ விடுமுறையில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடினாலும் அவருக்கு அந்தப் பழக்கம் போகாது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து நாங்கள் ஒரு நல்ல சண்டை பிடித்ததில்லை."

"இண்டைக்குப் பிடிச்சது நல்ல சண்டைதான்" என்றேன். மகள் அதைச் சொன்னதும் அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். இணையத்தளத்தில் அந்தக் குடும்பப் படத்தைப் பார்த்ததையும், அதில் என் பிள்ளைக்கென்று ஒதுக்கிவைத்தது போல் கிடந்த இடத்தையும் சொன்னேன். மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, "அம்மா, ஏன் என்னட்ட இதைக் கேக்கேல்ல?" என்றாள்.

"நீ போவன் எண்டு சொல்லிப்போடுவாய் எண்ட பயம்தான்."

"ஓம், சொல்லித்தான் இருப்பன்" என்றாள். "போய் இருந்து, பேந்து எல்லாரையும் வெறுத்திருப்பன்."

எனக்கு மாதக்கணக்காக எதையோ தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு, இப்போதுதான் இறக்கி வைத்தது போல் இருந்தது. தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா வரவேற்பறைக்குப் போய் எங்கள் பழைய சோபாவில் சாய்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நாங்கள் கோப்பை கழுவி அடுக்கியும், கணவர் மின்விசிறியை இழுத்துக்கொண்டு வந்து வைத்தும் அவர் அசையவே இல்லை.

மாலையில், வெயில் தணிந்தபின், தகப்பன் தனியாக வளவுக்குள் போனார். அங்கே அப்போது விடிந்திருக்கும். போனை எடுத்து மூத்த மகளை அழைத்தார். நான் துணி காயப்போடும் கம்பியடியில் நின்றேன். அவர் பேசியது எதுவும் எனக்கு விளங்கவில்லை. முதலில் நீளமாகப் பேசினார். பிறகு பேசாமல் நின்று கேட்டார். கடைசியில் ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அது அழுகையோ என்றுதான் நான் முதலில் பயந்தேன்.

உள்ளே வந்து எங்களுக்குச் சொன்னார். "ஹோட்டல் இனி உன்னுடையது என்றேன். சரி அப்பா, அப்படியென்றால் திங்கட்கிழமையே அந்த மேல்மாடிச் சுவரை இடிக்கிறேன் என்கிறாள். அந்த இடத்தில் இரண்டு நல்ல அறை போடலாம் என்று எப்போதோ திட்டம் வைத்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியாது." மேசையில் இருந்த மாம்பழக் கொட்டையை எடுத்துக் குப்பையில் போட்டார். "நானும் அதைத்தான் செய்ய நினைத்தேன், என் தகப்பன் இருந்த காலத்தில். அவர் விடவில்லை."

அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் ஒரு கிழமை நின்றார்கள். காலையில் நாங்கள் வேலைக்குப் புறப்படும்போது அவர்கள் எழும்பியிருக்கமாட்டார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், கட்டில் விரிப்பு நிலத்தில் கிடந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. தகப்பன் கணவரின் அரைக்காற்சட்டை ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, அவரோடு ரயில் பார்க்கப் போனார்.

மகளும் பெடியனும் இப்போது பரமட்டாவில் ஒரு அடுக்குமாடி யூனிட்டில் இருக்கிறார்கள். ஆவணியில் கலியாணம். ஹோட்டலுக்கு அது சரியான நெருக்கடியான காலம். அதனால் தாயும் தகப்பனும் மட்டும் வருகிறார்கள், மூத்த மகள் அங்கே நின்று பார்த்துக்கொள்வாள். அவள் வராதது எங்களுக்குக் கவலைதான்.

அந்த மூத்த மகளை நான் போன மாதம்தான் முதன்முதலில் பார்த்தேன், போனில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மகள் என் கையில் போனைத் திணித்தாள். திரையில் தலைமுடி முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு ஒரு பெண் நின்றாள். பின்னால் இடித்த சுவர், அதற்கப்பால் வெளிச்சம். அவள் இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். எங்கள் வீட்டுக்கு நன்றி சொன்னாள். கலியாணத்துக்கு வரமுடியாததற்கு மன்னிப்புக் கேட்டாள். பருவம் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும், அந்தப் புது அறைகளைத் தருவேன் என்றாள். பிறகு நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அங்கே காலைநேரம் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டேன், தமிழில்.

அவள் விளங்காமல் பெரிதாகச் சிரித்து, "ஓம்" என்றாள். தம்பி அவளுக்கு அந்த ஒரு சொல்லைத்தான் பழக்கியிருந்தானாம்.